வேலிப் பொட்டால் ஓடிய பொடியள்

பருத்தித்துறையில் ஆண்பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள் என்று சொல்லத் தொடங்கினால், முதலில் வேலியைப் பற்றித்தான் சொல்லவேண்டும். அறுபதுகளில் எங்கள் ஒழுங்கையில் மதில் வைத்த வீடு ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டிய வேலி. வேலியடைப்பு முடிந்து ஒரு கிழமை போகாது, அடியில் ஓலை விலகி ஒரு பொட்டு வந்துவிடும். நாய் போய்வரும் பொட்டு என்று பெரியவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அவ்வளவு அகலமான தோள் உள்ள நாய் எங்கள் ஊரில் இருக்கவில்லை.

அந்தப் பொட்டுகளால் நுழைந்து நுழைந்து, தெருவில் கால் வைக்காமலே ஒரு பொடியன் எங்கள் கிணற்றடியிலிருந்து கடற்கரை மட்டும் போய்விடலாம். போகிற வழியில் ஒரு வளவில் மாங்காய், ஒரு வளவில் தண்ணீர், ஒரு வளவில் ஏச்சு. மூன்றையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

நான் மூன்று தம்பிமாருக்கு அக்கா. பெரியதம்பி, நடுவிலான், கடைக்குட்டி என்பதுதான் வீட்டில் அவர்களுடைய பெயர். அப்பா கொழும்பில் கிளாக்கர். அந்தக் காலத்து வடமராட்சியில் பல வீடுகளில் இதுதான் கதை. மாதம் முடிய மணியோடர் வரும், ஆள் வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் வருவார். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு பயணம் கொஞ்சம் சுகமானது. கொடிகாமத்தில் இறங்கி, மூட்டைகளோடும் சில வேளை ஆட்டுக்குட்டிகளோடும் தட்டிவானில் நெரிபட்டு அப்பா வந்து சேருவார். மிச்ச நாளெல்லாம் அம்மாவும் மூன்று பொடியளும்தான். அம்மா குசினிக்குள் நிற்கும் நேரத்தில் பொறுப்பு என்னுடையது. பத்து வயதிலேயே எனக்குத் தொண்டை கட்டத் தொடங்கிவிட்டது.

காலமை விடிந்தால் முதற் சண்டை துலாவில். ஒருவன் அள்ள, ஒருவன் குளிக்க, மற்றவன் துலாவிலே தொங்கி ஆட வேண்டும். "எடேய், ஆடுகால் முறிஞ்சா கிணத்துக்குள்ளைதான் போவாய்" என்று அம்மா அடுப்படியிலிருந்தே கத்துவா. அவ வெளியில் வந்து பார்க்கமாட்டா. கிணற்றடிச் சத்தத்தைக் கேட்டே எவன் எதில் தொங்குகிறான் என்று அவவுக்குத் தெரியும். சத்தம் நின்றால்தான் கரண்டியோடு ஓடிவருவா. பிறகு புட்டுக்குச் சண்டை, காற்சட்டைக்குச் சண்டை, ஒரு கொப்பி மூன்று பேருக்கும் எப்படிச் சொந்தமாகும் என்ற சண்டை. மூன்று பேரையும் வெளியில் தள்ளிவிட்டு, "சந்நிதி முருகா" என்று அம்மா வாசற்படியில் குந்துகிற அந்த ஐந்து நிமிடம்தான் அவவுக்கு நாளில் கிடைத்த ஓய்வு.

பின்னேரம் நாலு மணிக்கு முறைப்பாடுகள் வரத் தொடங்கும். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வரும். "இஞ்சை பிள்ளை, உன்ரை நடுவிலான் என்ரை கோழிக்கூட்டைத் திறந்து விட்டிட்டான்." "கறுத்தக் கொழும்பான் பிஞ்செல்லாம் கீழை கிடக்கு. கெற்றப்போல் ஆற்றை கையிலை இருக்கெண்டு பார்." அம்மா சளைக்கமாட்டா. "வரட்டும் ஆச்சி, இண்டைக்கு உரிக்கிறன் தோலை." உடனே ஆச்சியின் குரல் இறங்கிவிடும். "சின்னப் பொடியனடி. அடிச்சுக் கிடிச்சுப் போடாதை. கோழி கூட்டுக்கை வந்திட்டுது." முறைப்பாடு சொன்ன வாயே பிணையும் நிற்கும்.

இறப்பில் செருகியிருந்த பூவரசந் தடியை அம்மா எடுக்கிறதைக் கண்டால் பொடியள் வேலிப் பொட்டால் அதே ஆச்சி வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். ஆச்சி அவர்களைத் திண்ணையில் இருத்தி, புளுக்கொடியலோ பனங்காய்ப் பணியாரமோ கொடுத்து, கோபம் ஆறின பிறகு தானே கூட்டிக்கொண்டு வந்து விடுவா. "அப்பா வரட்டும், எல்லாம் சொல்லுறன்" என்பது அம்மாவின் கடைசி ஆயுதம். அப்பா வருவார். றம்புட்டான் பையை அவிழ்ப்பார். குற்றப்பத்திரிகை முழுவதையும் கேட்டுவிட்டு, "கிளித்தட்டுக்கு ஆள் காணுமோ?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்குவார். அன்று முழுக்க அம்மா ஒருவரோடும் கதைக்கமாட்டா.

அம்மாவின் பெரிய பயம் கடல். எங்கள் கரையில் முருகைக்கற் பார் உண்டு. கடல் வத்தினால் கல் தெரியும். பொடியள் அதில் ஏறி நண்டு தேடுவார்கள், பெருகினால் நீந்தித் திரும்புவார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் அதே கடல் வேறு கடல். மீன்பிடிக்கிறவர்களே வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களும் உண்டு. கடலுக்குப் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டத்தை மீறியவனைப் பிடிக்க அம்மாவிடம் ஒரு வழி இருந்தது. கையைப் பிடித்து நகத்தால் ஒரு கீறு. வெள்ளைக் கோடு விழுந்தால் உப்புத் தண்ணீர், ஆள் அகப்பட்டான். பெரியதம்பி இதற்கு மாற்று வழி கண்டுபிடித்தான். வருகிற வழியில் யாராவது வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டு வருவான். அந்த வீட்டுக்காரர் அம்மாவுக்குச் சொல்லிவிடுவார் என்பதை அவன் யோசிக்கவில்லை. ஊருக்குள் எல்லாக் கண்ணும் அம்மாவின் கண்தான்.

கடல் ஆசைக்குத் தூபம் போட ஆட்களும் இருந்தார்கள். 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் இங்கிருந்து இந்தியக் கரைக்கு நீந்திப் போய், நீந்தியே திரும்பியும் வந்தார். போகவும் வரவும் 51 மணித்தியாலம். சட்டத்தரணி வேலை பார்த்த மனிதர், பிறகு ஆழிக்குமரன் என்று பெயரெடுத்தார், 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் இறந்தார். அந்த 1971ஆம் ஆண்டு எங்கள் கரையில் எல்லாப் பொடியனும் ஆனந்தன்தான். "அவர் நீந்தினா உலகமே பாக்குது, நாங்கள் நீந்தினா ஏன் அடி?" என்று நடுவிலான் நியாயம் கேட்டான். "ஆனந்தன் நீந்தினா பின்னாலை படகு போகும். உனக்குப் பின்னாலை ஆர் வாறது? நான்தான் தடியோடை வரவேணும்" என்றா அம்மா. அதற்கு அவனிடம் பதில் இல்லை. அடுத்த நாளும் போனான்.

தை பிறக்கக் குழப்படி மேலே ஏறிவிடும். கொக்கு, பிராந்து, பெட்டி, எட்டுமூலை என்று விதவிதமாகப் பட்டம் கட்டுவார்கள். அந்த நாட்களில் வீட்டு விளக்குமாறு மெலிந்துகொண்டே போகும், ஈர்க்கெல்லாம் பட்டத்துக்குப் போய்விடும். கோதுமை மா பசையாகிவிடும். இரவில் பட்டத்தை மரத்தில் கட்டிவிட்டால் அதில் பூட்டிய விண் விடிய விடியக் கூவும். கைக்குழந்தை உள்ள வீட்டார் திட்டுவார்கள், ஆனால் ஒருவரும் நூலை அறுத்துவிடமாட்டார்கள். இன்று தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்க நாடெங்கிலுமிருந்து சனம் வருகிறது. அந்தப் பெரிய பட்டங்களைப் பார்க்கும்போது, அதற்குப் பின்னால் எத்தனை வீட்டு விளக்குமாறு போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

புரட்டாதியில் வல்லிபுரத்தாழ்வார் கோயில் திருவிழா. ஊரே மணலில் இறங்கும். கோயிலுக்குப் போவதென்றால் பொடியளுக்கு மணற்கும்பியில் ஏறி உருள்வதுதான். சமுத்திரத் தீர்த்தத்தன்று கடலை நோக்கிப் போகும் சனத்துக்குள் கடைக்குட்டி ஒருமுறை காணாமற் போய்விட்டான். ஒலிபெருக்கியில் அவனுடைய பெயரைச் சொல்லி, நீலக் காற்சட்டை என்று அடையாளமும் சொன்னார்கள். அம்மா அழுதுகொண்டு ஓட, அவன் கச்சான் விற்கிற ஆச்சிக்குப் பக்கத்தில் இருந்து, சரை சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். "நல்ல பொடியன், ஒரு கச்சானும் களவெடுக்கேல்லை" என்று அந்த ஆச்சி சாட்சி சொன்னா. வீட்டில் அவனைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எல்லா வேலியிலும் பொட்டு இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சாதி பார்த்து வாசலில் நிற்பாட்டிய ஊர் எங்கள் ஊர். 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்த காலம் அது. நடுவிலான் பந்தடிக்கிற இடத்திலிருந்து ஒரு கூட்டாளியை வீட்டுக்குக் கூட்டிவந்தான். தாகம் என்று அந்தப் பொடியன் கேட்க, அன்று வீட்டிலிருந்த அம்மம்மா அவனுக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்த்தா, நடுவிலானுக்கு மூக்குப்பேணியில். நடுவிலான் பேணியைத் தொடவில்லை. "எனக்கும் சிரட்டையிலை தாங்கோ" என்று நின்றான். அம்மம்மா எவ்வளவோ ஏசியும் அசையவில்லை. கடைசியில் அம்மா வந்து, ஒன்றும் பேசாமல், இன்னொரு பேணியை எடுத்து மினுக்கி அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தா. அந்த வீட்டில் அதன் பிறகு சிரட்டை அடுப்புக்கு மட்டும்தான். பெரியவர்கள் மாற்ற நினைத்தும் மாற்றாததை ஒரு பொடியனின் பிடிவாதம் அரை மணித்தியாலத்தில் மாற்றியது. பிடிவாதம் என்று அடித்துத் திருத்தவேண்டிய ஒன்றாகத்தான் அதுவரை அதை நாங்கள் நினைத்திருந்தோம்.

பீற்றர் பேர்சிவல் பாதிரியார் 1838இல் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் பின்னாளில் ஹாட்லிக் கல்லூரி. கணிதமேதை எலியேசரையும் பேராசிரியர் துரைராசாவையும் படிக்க வைத்த இடம் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். என் தம்பிமார் அங்கே படித்தார்கள், நான் அருகே மெதடிஸ்ற் பெண்கள் பள்ளிக்கூடத்தில். பள்ளிவிட்டு வரும்போது மூன்று பேரையும் பொறுக்கிக்கொண்டு வருவது என் வேலை. ஓடக்கரைப் பக்கத்து அப்பமும் தோசையும் ஊரறிந்தவை. அந்த வாசத்தைக் கடந்து இவர்களை இழுத்துக்கொண்டு வருவது சும்மா காரியமில்லை. பருத்தித்துறை வடை வேறு. உழுந்தும் மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் போட்டு, மெல்லிசாகத் தட்டி, மொறுமொறுவென்று பொரித்தெடுக்கிற தட்டைவடை. கிழமைக்கணக்கில் கெடாது என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு பின்னேரம் தாங்கியதில்லை. அம்மா அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தா, நெல்லுக் குதிருக்குள் ஒளித்து வைத்தா. கடைசியில் ஆச்சி வீட்டில் கொடுத்து வைத்தா. ஆச்சி அதை அவர்களுக்கே கொடுத்தா.

என் முறை வந்தபோது ஊர் மாறிவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கும் இரண்டு ஆண்பிள்ளைகள். தம்பிமார் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டார்கள். 1984இல் ஹாட்லியின் நூலகம் எரிந்தது. 1987 மே மாதக் கடைசியில் வடமராட்சியில் பெரிய இராணுவ நடவடிக்கை தொடங்கியது. வீடுகளிலிருந்து இளந்தாரிப் பொடியளைத் திரட்டிக் கப்பலில் ஏற்றித் தெற்கே பூசா முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் இல்லாமற்போன வீடுகளின் முற்றத்தைத் தாய்மார் பெருக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலடி கூட விழாத முற்றம், பெருக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் பெருக்கினார்கள்.

என் பிள்ளைகளின் குழப்படி வேறு மாதிரி. 1990இலிருந்து மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அளந்து அளந்துதான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, துளி எண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கில் படிப்பு. அந்த விளக்கையும் யார் பக்கம் தள்ளிவைப்பது என்று சண்டை. முற்றத்தில் பனங்குற்றி அடுக்கி மண் மூட்டை வைத்து வெட்டிய பங்கர், குண்டு விழாத நாட்களில் அவர்களின் விளையாட்டு வீடு. வானத்துச் சத்தத்தைக் கேட்டே பொம்மரா, ஹெலியா, சகடையா என்று சொல்லிவிடுவார்கள். நாங்கள் அந்த வயதில் காற்றைக் கேட்டு வாடையா சோளகமா என்று சொல்லப் பழகினோம். நான் "ஓடுங்கோடா பங்கருக்கை" என்று கத்த, சின்னவன் "அது அங்காலை போகுதம்மா" என்று மரத்தடியில் நின்று விளக்கம் சொல்வான். அடிக்கக் கை ஓங்குவேன். அணைத்துக்கொண்டு ஓடுவேன். இரண்டும் ஒரே மூச்சில் நடக்கும்.

1995 ஒக்டோபர் 30இல், இராணுவம் நெருங்கி வர, வலிகாமமே ஓர் இரவில் எழும்பி நடந்தது. தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்த சனத்துக்குக் கணக்கில்லை. எங்கள் வீட்டில் ஏழெட்டுக் குடும்பம். விறாந்தை, கொட்டில், மாமரத்தடி எங்கும் பாய். நண்பகலுக்குள் கிணறு கலங்கிவிடும், கக்கூசுக்கு வரிசை. பெரியவர்கள் விட்டுவிட்டு வந்த வீட்டை நினைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பொடியள் மூன்றாம் நாள் தென்னைமட்டையில் துடுப்பும், சைக்கிள் ரியூப்பைச் சுற்றிப் பந்தும் செய்து, இடம்பெயர்ந்தவர்கள் ஒரு பக்கம், இருக்கிறவர்கள் ஒரு பக்கம் என்று கிறிக்கெற் தொடங்கிவிட்டார்கள். ஒரு பந்து கஞ்சிப் பானைக்குள் விழுந்தது. ஒரு மாமி எழும்பி, வந்த நாளிலிருந்து வாய் திறக்காத மாமி, "கோதாரியிலை போவாங்கள், அந்தப் பக்கம் போய் அடியுங்கோடா" என்று கத்தினா. எல்லோரும் சிரித்தோம். அவவும் சிரித்தா. எந்தப் பிள்ளை யாருடையது என்று அந்த வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. பசிக்கிறவனுக்கு யாரோ ஒருவர் பிசைந்து கொடுத்தார்கள், அடிபட்டவனுக்கு யாரோ ஒருவர் மஞ்சள் வைத்தார்கள். என் அம்மா வேலிப் பொட்டால் செய்ததை நாங்கள் வேலியே இல்லாமல் செய்தோம்.

1996இல் இராணுவம் மீண்டும் வடமராட்சிக்குள் வந்த பிறகான வருடங்களில்தான் எனக்குப் பொடியளின் அமைதி என்றால் என்னவென்று விளங்கியது. என் மூத்தவனுக்கு அப்போது பதினாறு. இயக்கத்துக்குப் போய்விடுவானோ என்று ஏற்கெனவே ஒரு பயம். சுற்றிவளைப்பில் பிடிபட்டுவிடுவானோ என்று இப்போது இன்னொரு பயம். அவன் சொன்ன சொல் கேட்டான். கேற்றைத் தாண்டவில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு காலத்தில் அம்மா எந்த அமைதிக்காகச் சந்நிதி முருகனிடம் நேர்ந்தாவோ, அதே அமைதி என் வீட்டில் குந்தியிருந்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அவன் தம்பியோடு சண்டை பிடித்து, அலுமாரிக் கண்ணாடியை உடைத்தான். நான் அடிக்கவில்லை. கண்ணாடித் துண்டைப் பொறுக்கிக்கொண்டே அழுதேன், சந்தோசத்தில்.

பிறகு அவர்களும் போய்விட்டார்கள். 2009க்குப் பிறகு ஊர் மெல்ல எழும்பியது. வீதி அகன்றது, கடை நிறைந்தது. 1916இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிற இடத்தில் நிற்கிறது. 750 பஸ் முன்போலவே நெல்லியடியால் யாழ்ப்பாணத்துக்கு ஓடுகிறது. வேலிதான் இல்லை. ஒழுங்கை முழுக்க மதில், அதில் கண்ணாடித் துண்டு, அதற்கு மேல் கமரா. எங்கள் ஒழுங்கையில் ஓர் இளந்தாய் இருக்கிறா. இரண்டு ஆண்பிள்ளைகள், ஒன்று ஏழு, ஒன்று ஐந்து. புருசன் கட்டாரில் வேலை. அவவின் குரல் மதிலுக்கு மேலால் எனக்குக் கேட்கும், என் அம்மாவின் குரல் போலவே. ஆனால் என் அம்மா கத்தினால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பதில் வரும். இந்தப் பிள்ளைக்கு ஒரு பதிலும் வருவதில்லை. பொடியள் பள்ளிவிட்டு ரியூசன், ரியூசன்விட்டுக் கைபேசி. புலமைப்பரிசில் சோதனைக்கு இப்போதே ஆயத்தம். "அன்ரி, இவங்களோடை ஏலாமல் கிடக்கு. என்னிலைதான் ஏதோ பிழை போலை" என்று ஒருமுறை என்னிடம் சொன்னா. பிழை அவவில் இல்லை. ஓர் ஊர் கூடிச் சுமந்த பாரத்தை இன்று ஒருத்தியின் தலையில் வைத்திருக்கிறோம்.

அந்த ஒழுங்கையிலேயே நாலைந்து வளவு வெறுமையாகக் கிடக்கிறது. சொந்தக்காரர் ரொறன்ரோவில், லண்டனில், பாரிஸில். சுற்றிவர ஆளுயர மதில், பெரிய இரும்புக் கேற், பூட்டு. உள்ளே மாமரம் காய்த்துக் கொட்டுகிறது, பொறுக்க ஆளில்லை. அந்த வளவுகளில்தான் நாங்கள் கிளித்தட்டு மறித்தோம். அதன் சொந்தக்காரர் பலரும் அந்த முற்றத்தில் முழங்கால் உரஞ்சி வளர்ந்தவர்கள்தான்.

அவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. காணியை எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறரை மணி வரை கேற்றைத் திறந்துவிடச் சொல்லி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். மாங்காயில் கல் விழும், மதிலில் பந்து படும், புல்லு மிதிபடும். விழட்டும். ஊருக்கு விளையாட்டு மைதானம் கட்டக் காசு அனுப்புகிறீர்கள், நல்ல காரியம். அதற்கு முன்னால் இந்தப் பூட்டைத் திறவுங்கள், அதற்குக் காசு வேண்டியதில்லை.